நூற்றலும் நெய்தலும்: 'டெக்ஸ்ட்' சொற்குடும்பமும் தமிழ்ப் பனுவற் சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்', 'டெக்ஸ்டைல்', 'டெக்ஸ்சர்', 'கான்டெக்ஸ்ட்' முதலிய சொற்கள் நெய்தல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினையடியிலிருந்து கிளைத்தவை. தமிழில் 'நூல்' என்பது இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறித்தலால், இவ்விரு மொழியாரும் ஒரே உருவகத்தைக் கண்டனர் என்று கூறும் வழக்கம் திறனாய்வுக் கட்டுரைகளில் பரவியுள்ளது. அவ்வொப்புமை மேலோட்டமானது என்பதையும், தமிழ் மரபின் உருவகம் நெசவன்று, நூற்பும் தச்சும் ஆகும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருத்தணியை அடுத்த நெசவூராகிய பொதட்டூர்பேட்டையின் தொழில்வழக்கு இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நூல், பனுவல், பா, தச்சன், சொற்பிறப்பு, கலைச்சொல்லாக்கம், நெசவுவழக்கு.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பேரூர் பொதட்டூர்பேட்டை. நெசவே இவ்வூரின் முதன்மைத் தொழில். கைத்தறியின் இடத்தை இன்று பெரும்பாலும் விசைத்தறி பிடித்துக்கொண்டது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வட்டாரம், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதியைச் சார்ந்தது. இங்குத் துணிக்கடையின் பெயர்ப்பலகையில் 'டெக்ஸ்டைல்ஸ்' என்றிருக்கும். அதே தெருவில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை 'டெக்ஸ்ட் புக்' சுமந்து செல்லும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது கடைக்காரருக்கோ பிள்ளைக்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பனுவலியல் பேசும் ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பின்னும், அதனைத் தமிழின் 'நூல்' என்னும் சொல்லோடு எவ்வளவு தூரம் இணைக்கலாம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இலத்தீன் தறியில் பிறந்த சொற்கள்

இலத்தீனில் 'டெக்ஸெரே' என்பது நெய்தல். நெய்யப்பட்டது 'டெக்ஸ்டுஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டினரான குவின்டிலியன் தம் சொற்பொழிவுக் கலை நூலில் உரையின் அமைப்பைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். சொற்கள் ஒன்றோடொன்று பின்னி அமைந்த தன்மையே அவர் கருதியது. இடைக்கால ஐரோப்பாவில் இது திருமறையின் மூலச் சொற்களைக் குறிக்கும் பெயராயிற்று. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. உரைக்கு எதிரான மூலம் என்ற பொருளே அங்கு முதலில் வலுப்பெற்றது. நம் மரபில் 'மூலமும் உரையும்' என்பதில் உள்ள மூலத்தோடு ஒப்பிடத்தக்க நிலை அது.

'டெக்ஸ்டைல்' நெய்பொருள். 'டெக்ஸ்சர்' நெசவின் தன்மை. பின்னர்ப் பொருள்களின் தொடுவுணர்வு. 'டிஷ்யூ' பிரெஞ்சு வழி வந்த நெய்துணி. உடலியலார் அதனைத் திசுவுக்கு ஆக்கினர். நாம் இன்று 'திசு' என எழுதுவது அவ்வொலியின் தமிழ் வடிவமே. 'கான்டெக்ஸ்ட்' என்பது சேர்த்து நெய்தல். தொடக்கத்தில் அது சொற்களை இணைத்தமைக்கும் செயலைக் குறித்தது. ஒரு சொல்லின் முன்னும் பின்னும் உள்ள பகுதி, சூழ்நிலை ஆகிய பொருள்கள் பிற்பட்டவை. 'ப்ரீடெக்ஸ்ட்' என்பது முன்னால் நெய்து தொங்கவிட்ட திரை, எனவே சாக்கு. வேண்டாததை மறைக்கத் துணி தொங்கவிடும் பழக்கம் எங்கும் உண்டு. தமிழர் இதற்குத் தறியை நாடவில்லை. பொய்க்கதை கட்டுபவனைக் 'கயிறு திரிக்கிறான்' என்றனர்.

இக்குடும்பத்தில் எதிர்பாராத இரு உறுப்பினர் உண்டு. 'டாய்லெட்' என்பது துணி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சிறுமை வடிவம். ஒப்பனை மேசைமேல் விரிக்கும் சிறுதுணி, ஒப்பனை, ஒப்பனை அறை என நகர்ந்து கழிப்பறையில் வந்து நின்றது. 'சட்டில்' என்னும் நுண்மைச் சொல் நெய்த துணியைக் குறிக்கும் 'டேலா'வோடு 'கீழ்' என்னும் முன்னொட்டு சேர்ந்து ஆனது என்பது பெரும்பாலோர் கொள்கை. பாவின் அடியே செல்லும் மெல்லிழையின் நுண்மை அறிவின் நுண்மை ஆயிற்று. தமிழிலும் 'நுண்' என்னும் அடைமொழி இழைக்கும் ஏட்டுக்கும் மதிக்கும் ஒருசேர வழங்குகிறது. திருக்குறள் நூலுக்கு நுண்மையை அடையாக்குவதும் மதிநுட்பத்தை நூலோடு சேர்த்துப் பேசுவதும் யாவரும் அறிந்தவை. இவ்விடத்தில் ஒப்புமை உண்மையாகவே நெருக்கமானது.

உறவினன் தச்சன்

'டெக்ஸெரே'யின் வேர் நெசவோடு மட்டும் நிற்கவில்லை. இந்தோ-ஐரோப்பிய ஒப்பியலார் அதனைப் பொருத்திச் செய்தல், செதுக்கி ஆக்கல் என்னும் பொருளுடைய பழைய வேரொன்றோடு இணைப்பர். கிரேக்கத்தில் தச்சனைக் குறிக்கும் 'டெக்டோன்', கலைத்திறனைக் குறிக்கும் 'டெக்னே', வடமொழியில் தச்சனைக் குறிக்கும் 'தக்ஷன்' ஆகியன அவ்வேரின் கிளைகள். இன்று நாம் சொல்லும் 'டெக்னாலஜி'யும் 'ஆர்க்கிடெக்ட்'டும் கிரேக்கக் கிளையில் வந்தவை. இலத்தீனிலேயே இப்பழம்பொருளின் எச்சம் உண்டு. டிராய் நகரத்து மரக்குதிரையின் விலாப்பலகைகள் பொருத்தப்பட்டதைச் சொல்லும்போது வெர்ஜில் இந்நெசவு வினையடியையே பயன்படுத்துகிறார்.

இதனால் ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. 'டெக்ஸ்ட்' என்பதற்குத் தமிழ் வழக்கில் இரத்த உறவு தேடினால் கிடைப்பது 'நூல்' அன்று, 'தச்சன்'. குறுந்தொகையிலேயே தச்சன் வருகிறான். அவன் செய்த சிறுதேரைக் குழந்தைகள் உருட்டுகின்றனர். இச்சொல் 'தை' என்னும் தமிழ் அடியிற் பிறந்தது, மரத்தைத் தைத்து இணைப்பவன் தச்சன் எனக் கொள்வாரும் உளர். ஆயினும் பாலியில் 'தச்சக' என்னும் வடிவம் தச்சனையே குறித்தலும், வடமொழியின் க்ஷகரம் பிராகிருதங்களில் சகர இரட்டையாதல் பரவலாகக் காணப்படுதலும் கடன்பேறு என்னும் கொள்கைக்கே வலுச் சேர்க்கின்றன. வடபுலத்திலிருந்து பிராகிருத வழியே தொன்மைக் காலத்தில் வந்து தமிழாகிவிட்ட சொல் எனக் கொள்வதே இக்கட்டுரையாளர் துணிபு.

'நூல்' முற்றிலும் வேறு குடி. அது திராவிடச் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் 'நூல்', தெலுங்கில் 'நூலு' என இழையைக் குறித்து வழங்குகிறது. 'நூற்றல்' அதனோடு பிறந்த வினை. ஆகவே 'டெக்ஸ்ட்', 'நூல்' ஆகியவற்றிடையே சொற்பிறப்பு உறவு இல்லை. இருப்பது உருவக ஒப்புமை. அவ்வுருவகமும் ஒன்றுதானா என்பதை இனிக் காணலாம்.

பஞ்சிலிருந்து பனுவல்

செய்யுளியலில் தொல்காப்பியர் எழுவகை யாப்புகளைச் சொல்லுமிடத்துப் பாட்டு, உரை ஆகியவற்றையடுத்து நூலை ஒரு வகையாக வைக்கிறார். எனவே இலக்கணம், சாத்திரம் போன்ற முறைப்பட்ட ஆக்கம் என்ற பொருள் அக்காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. அப்பெயர்க்குக் காரணம் கூறியவர்கள் பின்வந்தோர். இறையனார் களவியலுரை, நுண்ணிய பஞ்சின் பல முனைகளைக் கைத்திறம் வாய்ந்த ஒருத்தி ஓரிழையாக்குவதையும், பரந்து கிடக்கும் சொற்களைப் புலவன் ஒழுங்குபட அமைப்பதையும் ஒப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம் இவ்வுவமையைக் கணக்குத் தீர்ப்பதுபோல் உறுப்புக்கு உறுப்பாக விரிக்கிறது. பஞ்சு சொல், இழை பனுவல், நூற்பவள் புலவன், அவள் கை அவன் வாய், கதிர் அவன் மதி.

இவ்விரு விளக்கங்களிலும் தறி இல்லை. பாவும் ஊடையும் இல்லை. இருப்பவை பஞ்சும் கதிரும் கையும் மட்டுமே. நெசவுக்கு முந்திய நிலை இது. நெசவில் குறுக்கும் நெடுக்குமாக இரு திசை இழைகள் வேண்டும். ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாலேயே துணி உண்டாகிறது. நூற்றலில் ஒரு திசைதான். சிதறிக் கிடப்பதைத் திரட்டி முறுக்கி நீட்டுவது. அறாமல் நீட்டுவதே திறம். குவின்டிலியன் கண்ட ஒருமை பின்னலின் ஒருமை. களவியலுரைகாரர் கண்ட ஒருமை தொடர்ச்சியின் ஒருமை. இவ்வேறுபாட்டைப் புறக்கணித்து 'இரண்டும் நெசவே' என்று எழுதுவது இரு மரபுகளுக்கும் நேர்மையாகாது.

'பனுவல்' இன்னும் ஆழமாக நோக்கத்தக்க சொல். இன்று ஏடு, இலக்கிய ஆக்கம் என்றே அறியப்படும் இச்சொல் சங்கப் பாடல்களில் பருத்தித் தொழிலோடு ஒட்டியுள்ளது. புறநானூற்றின் 125ஆம் பாடல், தீயில் வெந்து தணிந்த கொழுப்புள்ள இறைச்சித் துண்டுக்குப் பருத்திப் பெண்டின் பனுவலை உவமை கூறுகிறது. கொட்டித் தூய்மையாக்கிய வெண்பஞ்சு என்றே அங்குப் பொருள் கொள்ள முடியும். இழைக்கும் இறைச்சிக்கும் ஒப்புமை அமையாது. நற்றிணை 353இல் கபிலர், மலையில் தவழும் மழைமேகத்துக்கு, ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் செய்த மிக நுண்ணிய பனுவலை உவமையாக்குகிறார். அது பஞ்சா இழையா என ஐயுறலாம். மேகத்துக்கு உவமையாதலின் பஞ்சின் பக்கமே சாய்கிறது. நிகண்டுகளில் 'பன்னல்' பருத்தியைக் குறிப்பதும், 'பன்னுதல்' சொல்லுதலையும் ஆராய்தலையும் குறிப்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கன. பஞ்சு, அதிலிருந்து இழுபடும் இழை, இழைபோல் தொடரும் பேச்சு, அப்பேச்சு நிலைபெற்ற ஏடு என்பதாக இச்சொல்லின் பொருள்வளர்ச்சியைக் கருதலாம்.

இவ்விடங்களில் நூற்பவர் பெண்கள். அதிலும் நற்றிணை காட்டுவோர் துணையற்ற பெண்கள். புறநானூற்று 326ஆம் பாடலில் சிறுவிளக்கொளியில் விழித்திருப்பவளும் பருத்திப் பெண்டே. நன்னூலில் அவள் உவமையாக நிற்க, உவமேயமாகிய புலவன் ஆணாகிறான். பிழைப்புக்காக இரவில் செய்த வேலை, புலமைத் தொழிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பின்னகர்ந்துவிட்டது. நூல் என்னும் பெயர்க்காரணத்தை எழுதும் கட்டுரைகள் பல நன்னூலோடு நின்றுவிடுகின்றன. பருத்திப் பெண்டிரைக் கணக்கில் கொள்ளாமல் 'பனுவல்' வரலாறு முழுமை பெறாது.

தச்சனின் கயிறு

நன்னூல் ஒரு விளக்கத்தோடு அமையவில்லை. அடுத்த வெண்பாவில் மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலைச் சொல்லி, அதுபோல் மாந்தர் மனக்கோணலைத் தீர்ப்பது நூலின் மாட்சி என்கிறது. இது நெசவாளர் நூலும் அன்று, நூற்பவள் நூலும் அன்று. தச்சன் மரத்தில் கோடு போடப் பிடிக்கும் கயிறு. 'நூல் பிடித்தாற்போல்' என்று நேர்மையான வரிசையைச் சொல்வது இன்றும் வழக்கு. கொத்தனார் சுவரெழுப்ப நூல் கட்டுகிறார். தச்சுப் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு 'ஒரு நூல்' என்றே பெயர். 'மூன்று நூல் குறைக்கணும்' என்றால் ஆசாரிக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்பொருளுக்கு ஆங்கிலத்தில் இணை தேடினால் 'டெக்ஸ்ட்' உதவாது, 'லைன்' உதவும். இலத்தீனில் ஆளிச்செடி நாரால் ஆன இழையே 'லீனியா'. அதுவே அளவுக் கயிறாகி, கோடாகி, எழுதிய வரியாகி, கவிதையின் அடியும் ஆயிற்று. தமிழ் நூலுக்கு மிக அண்மையில் வரும் ஆங்கிலச் சொல் உருவக வகையில் 'லைன்' என்பதும், 'டெக்ஸ்ட்' என்பதற்குச் சொற்பிறப்பில் மிக அண்மையில் வரும் தமிழ்ச்சொல் 'தச்சன்' என்பதும் ஒருசேர நினைவிற் கொள்ளத்தக்கவை. நன்னூலார் இரண்டாம் உவமையில் தச்சனின் பட்டறைக்குள் நுழைந்தது தற்செயல். ஆனால் அத்தற்செயல், நெசவு ஒன்றையே நோக்கி நிற்கும் நம் ஒப்பீடுகளுக்குத் தக்க திருத்தமாக அமைகிறது.

பாவும் பாவும்

நெசவு உருவகம் தமிழில் உண்டு என்போர் முதலில் காட்டுவது 'பா'. தறியில் நீளவாக்கில் கட்டப்படும் இழைத்தொகுதி பா அல்லது பாவு. செய்யுள் வகையும் பா. கவர்ச்சியான ஒப்புமைதான். தறிப்பாவு 'பாவுதல்' என்னும் பரவற்பொருள் வினையோடு தொடர்புடையது. செய்யுட்பாவைப் பாடு, பாட்டு, பாண் என்னும் சொற்களோடு இணைப்பதே இயல்பு. பேராசிரியர் தம் செய்யுளியல் உரையில், சொல் விளங்காத தொலைவிலும் இன்ன செய்யுள் என உணருமாறு பரந்து செல்லும் ஓசை என்று பாவை விளக்குகிறார். 'பரத்தல்' என்னும் கருத்து அங்கு வருவதால் இரு பாவும் ஒன்றே எனச் சாதிக்க இடமுண்டு போலத் தோன்றும். எனினும் அவர் பேசுவது ஓசையைப் பற்றி, இழையைப் பற்றியன்று. உரையாசிரியரின் பொருள்விளக்கம் சொற்பிறப்புச் சான்றாகிவிடாது.

யாப்பியற் சொற்களைத் தொகுத்து நோக்கினால் தமிழர் விரும்பிய உருவகம் புலப்படும். யாப்பு கட்டுதல், உடம்பாகிய யாக்கையும் அவ்வடிச் சொல்லே. தொடை தொடுத்தல். கோவை கோத்தல். மாலை, கண்ணி, பூக்கட்டுவோர் சொற்கள். புனைதல் அணிசெய்தல். இழை எல்லாவற்றிலும் உண்டு. தறி எதிலும் இல்லை. இக்காலத்துக் 'கதைப்பின்னல்' என்பதும் கூடை, சடை பின்னுவாரின் சொல்லே. நெசவை நேரே சுட்டும் 'ஊடும் பாவும்' என்னும் தொடர் உரைநடையில் வழங்குகிறது. ஆயின் அது வாழ்க்கையைப் பற்றியோ உறவுகளைப் பற்றியோ பேசும்போதே பெரும்பாலும் வருகிறது.

எல்லையில் நின்ற பொருள்

பொதட்டூர்பேட்டை போன்ற இருமொழி ஊர் இவ்வாய்வுக்குத் தரும் சான்று சிறியது, ஆனால் உறுதியானது. தமிழ் பேசுவார் பாவு, ஊடை, தறி, நாடா, தார், அச்சு என்கின்றனர். தெலுங்கில் தறி 'மக்கம்', பாவு 'படுகு', ஊடை 'பேக'. இழைக்கு மட்டும் இருமொழியிலும் ஏறத்தாழ ஒரே பெயர்: நூல், நூலு. ஆனால் தெலுங்கில் 'நூலு' புத்தகம் ஆகவில்லை. அங்குக் 'கிரந்தம்', 'புஸ்தகம்' என்பனவே வழக்கு. கிரந்தமும் கட்டுதல், முடிதல் என்னும் பொருளடி உடையதே. வடமொழியில் சூத்திரம் தையல் இழை. தந்திரம் இழுத்துக் கட்டிய பாவு. 'சூத்திரம்' தையல் என்னும் பொருளுடைய வேரில் தோன்றியதாதலின் ஆங்கிலத் 'தையல்' சொல்லாகிய 'ஸோ' அதற்கு உறவு. பாட்டுகளைத் தைப்பவன் எனக் கிரேக்கர் தம் பாணனை அழைத்ததும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது.

எனவே இழையிலிருந்து ஏட்டுக்குச் செல்வது உலகப் பொதுமை. எந்த இழை, எந்தக் கை, எந்தக் கருவி என்பது மொழிதோறும் வேறுபாடு. ஒரே தெருவில் ஒரே சிட்டத்திலிருந்து நூலெடுக்கும் இருவரில் தமிழர்க்கு அச்சொல் திருக்குறளையும் குறிக்கும், தெலுங்கர்க்குக் குறிக்காது என்பது, அப்பொருள்விரிவு திராவிடப் பொதுமை அன்று, தமிழ்ப் புலமை மரபின் ஆக்கம் எனக் கருதத் தூண்டுகிறது.

கலைச்சொல்லில் எழும் சிக்கல்

இவ்வேறுபாடு அகராதி ஆர்வத்தோடு முடிவதன்று. அமைப்பியல், பின்னமைப்பியல் கருத்துகள் தமிழுக்கு வந்தபோது 'டெக்ஸ்ட்' என்பதற்குப் 'பிரதி' என்றும் 'பனுவல்' என்றும் இரு சொற்கள் வழக்கில் வந்தன. 'பிரதி' படியைக் குறிப்பது. கையெழுத்துப் பிரதி, அச்சுப் பிரதி என்னும் வழக்கு வலுவாக இருக்கையில் அது மயக்கம் தரும். பதிப்பியலில் 'மூன்று பிரதிகளை ஒப்பிட்டு மூலப்பிரதியைத் தீர்மானித்தல்' என எழுதும்போது எது ஏடு, எது கோட்பாட்டுப் பனுவல் எனத் தெளிவதற்குள் வாசகர் களைத்துவிடுவர்.

ரோலன் பார்த் 1971இல் ஆக்கத்தையும் பனுவலையும் வேறுபடுத்தினார். 1973இல் வெளிவந்த வாசிப்பின்பம் பற்றிய நூலில், 'டெக்ஸ்ட்' என்றாலே நெய்துணி என்பதை நினைவூட்டி, முடிந்த திரையாக அன்றி ஓயாது நெய்யப்பட்டுக்கொண்டிருப்பதாக அதனைக் காண வேண்டும் என்றார். அவர் கருத்துக்குத் தமிழில் இணைச்சொற்கள் முன்பே உள்ளன. நன்னூலின் உவமையில் பனுவல் இழை; நூல் முடிந்த பொருள். கையிலிருந்து நீண்டுகொண்டிருப்பது பனுவல். முடிந்து நிற்பது நூல். 'ஆக்கம்' என்பதற்கு நூலையும் 'டெக்ஸ்ட்' என்பதற்குப் பனுவலையும் வரையறுத்துக்கொண்டால் வேற்றுமை நம் சொற்களிலேயே விளங்கும்.

அதே வேளையில் விலை ஒன்று கொடுக்க வேண்டியுள்ளது. பிற பனுவல்களின் இழைகள் குறுக்கே ஊடுருவுதல் என்னும் கருத்து நெய்துணி உருவகத்தில் தானே அமைகிறது. நூற்பு உருவகத்தில் அமைவதில்லை. ஓரிழையில் குறுக்கிழை ஏது? 'கான்டெக்ஸ்ட்' என்பதைச் 'சூழல்' என்று பெயர்க்கும்போதும் நிகழ்வது இதுவே. சூழல் வெளியே சுற்றி நிற்பது; சேர்த்து நெய்யப்பட்டதோ உள்ளேயே கலந்திருப்பது. ஒரு செய்யுளின் சூழலைத் தனி இயலாக எழுதிவிட்டு அடுத்த இயலில் செய்யுளை ஆராயும் நம் ஆய்வேட்டு முறைக்கு இப்பெயர்ப்பும் ஓரளவு காரணம் என்று கருத இடமுண்டு. 'ஊடு' என்னும் தறிச்சொல்லை இவ்விடத்துப் பயன்கொள்வது பற்றிக் கலைச்சொல் ஆக்குவோர் எண்ணலாம். நெசவாளர் நாவில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

எவ்வளவு காலம் இருக்கும் என்பது வேறு. விசைத்தறிக் கூடங்களில் 'வார்ப்பிங்', 'சைசிங்', 'பீம்' என்னும் சொற்கள் நிலைத்துவிட்டன. தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சியிட்டுக் காயவைக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனபோது பாவோட்டம் சார்ந்த சொற்களும் உடன்போகத் தொடங்கின. கைநூற்பு இவற்றுக்கும் முன்பே வீடுகளை விட்டு நீங்கிவிட்டது. நன்னூற் பாயிரத்தைப் படிக்கும் மாணவர்க்குக் 'கதிர்' என்றவுடன் ஞாயிற்றின் கதிரோ நெற்கதிரோ தோன்றுகிறது. இராட்டையில் சுழலும் கம்பி தோன்றுவதில்லை. புலவன் மதிக்கு அக்கம்பி ஏன் உவமையாயிற்று, அது சுழலாவிடில் பஞ்சு ஏன் முறுக்கேறாது என்பதை இனி உரைக்குறிப்பில் படத்தோடு எழுத வேண்டியிருக்கும். நெசவூர்களில் முதியோரிடம் எஞ்சியுள்ள கருவிப்பெயர்களைப் பதிவு செய்யும்போது சொல்லோடு கருவியின் உருவும் இயக்கமும் சேர்த்துப் பதியப்பட்டாலன்றி, அத்தொகுப்பு பாயிர உரைக்குப் பயன்படாது.